கரையும் எலும்பு ஸ்க்ரூ: மேலே பூசும் மெல்லிய படலத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடு முழுக்கப் போகிறது. காயத்தின் மேல் கட்டுகிறோம், ஆறியதும் அவிழ்த்துத் தூக்கிப் போடுகிறோம். உடைந்த எலும்புக்குள் வைக்கும் பிளேட்டையும் ஸ்க்ரூவையும் அப்படி அவிழ்த்துப் போட முடியாது. அதை எடுக்க வேண்டுமானால் இன்னொரு அறுவை சிகிச்சைதான் வழி. மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் தையல், மறுபடியும் சில வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். தினக்கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கும் பைக்கில் டெலிவரி செய்பவருக்கும் இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய செலவு.

எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு, வேலை முடிந்ததும் தானாகவே கரைந்துபோகும் உலோகம் இருந்தால்? அப்படிப்பட்ட உலோகம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2013 முதலும், அமெரிக்காவில் 2023 முதலும் அனுமதி பெற்று வந்திருக்கிறது. ஆனால் இன்றும் எலும்பு முறிவு சிகிச்சையில் பெரும்பாலும் டைட்டானியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான். ஏன்? விடையின் ஒரு பெரிய பகுதி, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சில் இருக்கிறது.

எடுத்தே ஆகணுமா?

முதலில் ஒரு தெளிவு. உள்ளே வைத்த எல்லா இம்ப்ளான்ட்டையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. பெரியவர்களுக்கு வலி, தொற்று, தோலுக்கடியில் உறுத்தல் போன்ற தொந்தரவு இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். வளரும் குழந்தைகளின் கதை வேறு. எலும்பு வளர்ந்துகொண்டே போகும், உலோகம் வளராது. அதனால் குழந்தைகளுக்கு வைக்கும் கம்பிகளைப் பெரும்பாலும் பிறகு எடுத்துவிடுவார்கள். கணுக்கால், கை, பாதம் போன்ற சதை குறைந்த இடங்களில் பெரியவர்களுக்கும் எடுக்க வேண்டி வருவது உண்டு.

விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் ஒரு வருஷம் கழித்து வரும் இரண்டாவது அறுவை சிகிச்சை அந்த 48 மணி நேரக் கணக்குக்குள் வராது. கரையும் இம்ப்ளான்ட் சாத்தியமானால் மிச்சமாவது அந்தச் செலவும் அந்த விடுப்பும்.

எந்த உலோகம் கரையும்?

மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள்: இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம்.

இரும்பு வலுவானது, ஆனால் உடம்பில் மிக மெதுவாகத்தான் அரிக்கும். எலும்பு கூடி வருஷக்கணக்கான பிறகும் அது உள்ளேயே கிடக்கும். துத்தநாகத்தின் வேகம் நடுத்தரம், ஆனால் தூய நிலையில் வலு போதாது. மெக்னீசியத்துக்குத்தான் ஆதரவு அதிகம். நம் உடம்பிலேயே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். கரைந்து வெளிவருவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

இன்னொரு சாதகம், அதன் விறைப்பு. எலும்பின் வெளிப்புறக் கெட்டிப் பகுதியின் விறைப்பு சுமார் 20 ஜிகாபாஸ்கல் வரை. மெக்னீசியத்துக்கு 45 அளவில், டைட்டானியக் கலவைக்கு 110, ஸ்டீலுக்கு 190-க்கு மேல். இம்ப்ளான்ட் ரொம்ப விறைப்பாக இருந்தால் சுமை எல்லாவற்றையும் அதுவே தாங்கிக்கொள்ளும், பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும். மெக்னீசியம் எலும்போடு ஓரளவு சேர்ந்து வளைந்து கொடுக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

வேகத்தில். பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்தியபோது கண்ணைக் கூசவைத்த வெள்ளை வெளிச்சம் ஞாபகம் இருக்கலாம். அவ்வளவு எளிதில் வினைபுரியும் உலோகம் அது. ரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள தண்ணீரோடு சேர்ந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறி, ஹைட்ரஜன் வாயுவை விடும். அந்த ஹைட்ராக்சைடு ஒரு பாதுகாப்புப் படலமாகத் தங்கியிருக்கலாம்தான். ஆனால் உடம்பில் இருக்கும் உப்பின் குளோரைடு அதைக் கரைத்துவிடுகிறது. படலம் போனதும் கீழே புது உலோகம், மறுபடியும் அரிப்பு.

ஒரு சின்னக் கணக்கு. 3 மி.மீ. தடிமனும் 3 செ.மீ. நீளமும் உள்ள மெக்னீசிய ஸ்க்ரூவின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம். ஒரு கிராம் மெக்னீசியம் முழுசாகக் கரைந்தால் சுமார் 1 லிட்டர் ஹைட்ரஜன் வரும். அப்படியென்றால் இந்த ஒரு ஸ்க்ரூவிலிருந்து 350 மி.லி. அளவு வாயு. அது ஒரு வருஷம் முழுக்கப் பரவி வந்தால் நாளைக்கு 1 மி.லி.தான். உடம்பு சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். அதே ஸ்க்ரூ இரண்டே வாரத்தில் கரைந்தால் நாளைக்கு 25 மி.லி. திசுவுக்குள் குமிழ் கட்டும், காயம் ஆறாது, எலும்பைச் சுற்றிக் குழி விழும்.

இது வெறும் கணக்கில்லை, நடந்தது. பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போட் 1900-களின் தொடக்கத்தில் ஒரு கால் எலும்பு முறிவுக்கு மெக்னீசிய பிளேட் வைத்தார். அதை இறுக்கிய ஆணிகள் தங்க முலாம் பூசிய எஃகு. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு நீர்: கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. எட்டே நாளில் பிளேட் சிதைந்தது, தோலுக்கடியில் வாயு நிறைந்தது. பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது. மருத்துவ உலகம் மெக்னீசியத்தைப் பல பத்தாண்டுகள் ஓரமாக வைத்துவிட்டது.

பூச்சின் வேலை என்ன?

பலரும் நினைப்பதுபோல அரிப்பை அடியோடு நிறுத்துவது இதன் வேலை இல்லை. அப்படி நிறுத்திவிட்டால் டைட்டானியமே வைத்திருக்கலாமே! முதல் சில வாரங்களுக்குத் தாமதப்படுத்துவதுதான் வேலை. எலும்பு கூட ஏறக்குறைய 12 வாரம் ஆகும் என்பதால், 12 முதல் 18 வாரம் வரை இம்ப்ளான்ட் வலு குறையாமல் நிற்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பொதுவான இலக்கு. அதன் பிறகு கரையலாம், கரையத்தான் வேண்டும். வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரை போல, இதுவும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கும் பூச்சு.

முக்கியமான நான்கு வழிகள்:

1. ஃபுளோரைடு பூச்சு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கினால் உலோகத்தின் மேற்பரப்பே மெக்னீசியம் ஃபுளோரைடாக மாறும். ஓரிரு மைக்ரான் தடிமன்தான், ஆனால் உலோகத்திலிருந்தே உருவாவதால் நன்றாக ஒட்டியிருக்கும். அந்த அமிலம் தோலில் பட்டால் ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும் என்பதால், சரியான பாதுகாப்பு வசதி இல்லாத ஆய்வகத்தில் தொடவே கூடாது.

2. நுண்பொறி ஆக்சிஜனேற்றம். மின்பகு திரவத்தில் உலோகத்தை மூழ்கவைத்துச் சில நூறு வோல்ட் கொடுப்பார்கள். மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பொறிகள் பறக்கும். அந்தச் சூட்டில் பீங்கான் போன்ற கெட்டியான அடுக்கு உருவாகும். பிரச்சினை: பொறி பறந்த இடமெல்லாம் நுண்துளை. துளை வழியே உப்பு நீர் உள்ளே போகும்.

3. கால்சியம் பாஸ்பேட் பூச்சு. எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டையோ அதன் உறவுக்காரத் தாதுவையோ மேலே படியவைப்பது. எலும்பு செல்கள் இதைத் தன் வீடு மாதிரி நினைத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் எளிதில் உடையும்.

4. பாலிமர் பூச்சு. தானே கரையும் தையல் நூலில் இருக்கும் பாலிலாக்டிக் அமிலம் போன்றவை. மருந்தையும் இதில் கலந்து வைக்கலாம். குறை என்னவென்றால், எங்காவது ஒரு துளி நீர் கசிந்து அடியில் ஹைட்ரஜன் உருவானால், ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் உப்புவது போலப் படலம் உப்பிப் பிரிந்துவிடும்.

ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருப்பதால் இப்போது அடுக்கு மேல் அடுக்காகப் போடுகிறார்கள். கீழே பீங்கான் அடுக்கு, அதன் துளைகளை அடைக்க மேலே பாலிமர் அல்லது பாஸ்பேட்.

தமிழ்நாட்டில் யார் செய்கிறார்கள்?

இந்தத் துறையில் நம்மவர்களின் பெயர் சின்னதில்லை. நுண்பொறி ஆக்சிஜனேற்றப் பூச்சுகள் பற்றி உலகளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விரிவான ஆய்வுத் தொகுப்புகளில் ஒன்று 2014-ல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் டி.எஸ்.என். சங்கரநாராயணன், தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தில் பணியாற்றியவர். தென்கொரிய ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் என். ராஜேந்திரன் குழு, மெக்னீசியக் கலவை மேல் பாலிபைரோல் என்ற பாலிமரை மின்வேதி முறையில் வளர்த்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. ஐஐடி மெட்ராஸில் டி.எஸ். சம்பத்குமாரின் ஆய்வகம் வேறு வழியில் போனது: சுழலும் கருவியால் உலோகத்தின் மேற்பரப்பைக் கிளறி, அதன் துகள் அமைப்பை நுண்மையாக்கி அரிப்பைக் குறைப்பது. அரிப்பையும் பூச்சையும் ஆராயவே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு காரைக்குடியில் இயங்குகிறது.

விருதுநகர் மாவட்டத்தைப் பாருங்கள். ராஜபாளையத்தில் 2013-ல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்ப நிறுவனம். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி அதே சாலையில் போனால் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கலசலிங்கம். மாவட்டத் தலைநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. இன்னும் மேலே மதுரையில் ராஜாஜி அரசு மருத்துவமனை. உலோகம் படித்தவரும் எலும்பு முறிவைத் தினமும் பார்ப்பவரும் பஸ்ஸில் போய்ச் சந்திக்கும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். இந்தத் துறையில் முன்னேற்றம் வருவதும் அந்தச் சந்திப்பில்தான். ஏன் என்று பார்ப்போம்.

ஆய்வகத்தில் ஜெயித்தது உடம்பில் ஜெயிக்குமா?

வழக்கமான சோதனை இப்படி: நாணயம் அளவுக்குத் தட்டையான உலோகத் துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, பூச்சு பூசி, உப்புக் கரைசலில் அமிழ்த்தி, எவ்வளவு அரித்தது என்று அளப்பார்கள். ‘பூசாததைவிடப் பல மடங்கு தாங்குகிறது’ என்று கட்டுரை வரும். தப்பான முடிவு இல்லை. ஆனால் மூன்று கேள்விகள் மிச்சமிருக்கும்.

முதல் கேள்வி, கரைசல். உடம்பில் புரதம் இருக்கிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது, பிஹெச் அளவைச் சமன்செய்யும் பைகார்பனேட் இருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஃபிராங்க் விட்டே குழு 2006-ல் காட்டியது: உப்புக் கரைசலில் அளந்த வேகமும் விலங்கின் உடம்பில் அளந்த வேகமும் ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபட்டன, உடம்பில்தான் மெதுவாக அரித்தது. கரைசலில் கிடைத்த தரவரிசையை அப்படியே நம்பிப் பூச்சைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, வடிவம். நிஜ ஸ்க்ரூ தட்டையாக இருக்காது. அதில் மரை இருக்கும், கூர் முனை இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் குழி இருக்கும். முனைகளில் பூச்சு மெலியும், குழிகளில் கட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. ஸ்க்ரூவை எலும்பில் முறுக்கி இறக்கும்போதே பூச்சு உரசி உரியும். மாசக்கணக்கில் கரைசலில் தாங்கிய படலம், அறுவை சிகிச்சை மேஜையில் அரை நிமிஷத்தில் சில இடங்களில் காணாமல் போகலாம். உரிந்த இடத்தில் மட்டும் அரிப்பு குவிந்து குழி பறிக்கும். முழுக்கப் பூசாத ஸ்க்ரூ சீராக அரிப்பதைவிட இது மோசம், ஏனென்றால் அந்தக் குழி விழுந்த இடத்தில்தான் ஸ்க்ரூ உடையும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டு எலும்பில் துளை போட்டு, பூசிய ஸ்க்ரூவை முறுக்கி இறக்கி, வெளியே எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் எவ்வளவு பூச்சு மிஞ்சியது என்று பார்க்கலாம். பிறகு அதே ஸ்க்ரூவைக் கரைசலில் போட்டு அளக்கலாம். எந்த ஊர்ப் பொறியியல் மாணவரும் எடுக்கக்கூடிய புராஜெக்ட் இது. எலும்பு மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்று ‘நாங்க இப்படித்தான் முறுக்குவோம்’ என்று காட்டினால் அதன் மதிப்பே வேறு.

சந்தையில் இருப்பவை என்ன சொல்கின்றன?

ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்த நிறுவனத்தின் ‘மேக்னெசிக்ஸ்’ ஸ்க்ரூ 2013-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. கால் பெருவிரல் கோணலைச் சரிசெய்யும் அறுவையில் 26 பேரிடம் நடந்த ஆரம்ப ஆய்வில், ஆறு மாதத்தில் டைட்டானியத்துக்கு இணையான பலன். தென்கொரியா 2015-ல் மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம் கலந்த ஸ்க்ரூவுக்கு அனுமதி கொடுத்தது. 53 பேரிடம் வைத்துப் பார்த்ததில், ஒரு வருஷத்துக்குள் ஸ்க்ரூ இருந்த இடத்தைப் புது எலும்பு நிரப்பியதாக 2016-ல் ஆய்வு வந்தது. 2023 மார்ச்சில் பின்லாந்து நிறுவனத்தின் ‘ரெமியோஸ்’ ஸ்க்ரூ அமெரிக்க அனுமதி பெற்றது.

மறுபக்கமும் உண்டு. மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பில் மெக்னீசிய ஸ்க்ரூ வைத்த ஒரு ஜெர்மன் மருத்துவர் குழு, எலும்புக்குள் பெரிய குழிகள் உருவானதைப் பார்த்து அந்த முயற்சியை நிறுத்தியது. அந்த அறிக்கை 2017-ல் வெளிவந்தது. அதே உலோகம், வேறு எலும்பு, வேறு ரத்த ஓட்டம், வேறு முடிவு.

இங்கே கவனிக்க வேண்டியது: மேக்னெசிக்ஸ் ஸ்க்ரூவில் தனிப் பூச்சு கிடையாது. அரிப்பை அடக்கியது கலவையும் தூய்மையும்தான். மெக்னீசியத்தில் இரும்பு மிகச் சிறிதளவு கலந்தாலே அரிப்பு எகிறும். அப்போ பூச்சு ஆராய்ச்சி வீணா? இல்லை. இப்போது வெற்றி பெற்றவை பெரும்பாலும் சுமை குறைந்த சின்ன எலும்புகளுக்கான ஸ்க்ரூக்கள். தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பு போன்றவற்றுக்கு நீண்ட பிளேட் வேண்டும். அதில் உலோகம் அதிகம், வாயுவும் அதிகம், முதல் வாரங்களில் தாங்க வேண்டிய சுமையும் அதிகம். நம் சாலை விபத்துகளில் அடிக்கடி உடைவதும் அந்த எலும்புகள்தான். அங்கே போக வேண்டுமானால் நல்ல கலவையோடு நம்பகமான பூச்சும் வேண்டும். பல் மருத்துவத்தில் மெக்னீசியம் ஃபுளோரைடு பூசிய சின்ன ஸ்க்ரூ ஏற்கெனவே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் என்ன தடை?

2017-ம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் சாதனங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை பிரிக்கின்றன. உடம்புக்குள் கரையும் இம்ப்ளான்ட்கள் ஆபத்து அதிகமான பிரிவுகளில் வருபவை. சி, டி பிரிவுகள் அனைத்துக்கும் 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். அதை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புதான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற அதே மாதிரிச் சாதனம் இல்லையென்றால் மனிதரிடம் நடத்தும் ஆய்வும் வேண்டும். அதற்கு முன் உயிரியல் பாதுகாப்புச் சோதனைகள், விலங்குச் சோதனை, கிருமிநீக்கத்துக்குப் பிறகும் பூச்சு தாங்குகிறதா என்ற சோதனை, ஈரக் காற்றில் பெட்டிக்குள் எத்தனை மாசம் கெடாமல் இருக்கும் என்ற சோதனை. ஆய்வுக் கட்டுரைக்கு இவை தேவைப்படாது. நோயாளிக்கு இவை இல்லாமல் ஒன்றும் தேவைப்படாது.

இந்த வழி நீளம் என்றாலும் நம்மவர்கள் நடந்த வழிதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் இந்தியாவின் சொந்த இதய வால்வை உருவாக்கப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதல் வடிவங்கள் தோற்றன. தோற்றதை மறைக்காமல் மாற்றி மாற்றிச் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னையின் டிடிகே குழுமம் தயாரித்து விற்றது. ஆய்வகம், மருத்துவமனை, தொழிற்சாலை மூன்றும் ஒரே கயிற்றைப் பிடித்ததால் நடந்தது. இப்போது 2023-ன் தேசிய மருத்துவச் சாதனக் கொள்கை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவச் சாதனப் பூங்கா திட்டம் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து அந்தப் பூங்கா வாசல் வரைக்குமான நடுப்பகுதிக்குத்தான், அதாவது அலுப்பான, கட்டுரையாக வெளிவராத சோதனைகளுக்குத்தான், பணமும் ஆளும் தேவை.

நமக்கு என்ன?

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ எலும்பு முறிந்து பிளேட் வைக்கச் சொன்னால், இன்றைக்கு டைட்டானியமும் ஸ்டீலும் நன்கு சோதிக்கப்பட்ட, நம்பகமான வழிகள். ‘கரையும் இம்ப்ளான்ட்’ என்று யாராவது சொன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: இது உலோகமா, பாலிமரா? இந்தக் குறிப்பிட்ட எலும்புக்கு அனுமதி பெற்றதா? எக்ஸ்ரேயில் வாயு நிழல் தெரிந்தால் அது இயல்பான கரைதலா, தொற்றா என்று பிரித்துப் பார்த்த அனுபவம் மருத்துவருக்கு இருக்கிறதா? நிரந்தர இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால், அதை எடுக்க வேண்டி வருமா, வந்தால் எப்போது, எவ்வளவு செலவு என்பதை முதல் அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத நாட்களையும் அந்தச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்கள் பொறியியல் மாணவராக, ஆய்வாளராக இருந்தால், அடுத்த பூச்சைத் தட்டைத் துண்டில் மட்டும் பூசி நிறுத்தாதீர்கள். ஒரு ஸ்க்ரூவில் பூசுங்கள். எலும்பில் முறுக்குங்கள். எத்தனை மைக்ரான் மிஞ்சியது என்று அளந்து, மிஞ்சாவிட்டால் அதையும் வெளியிடுங்கள்.